சிவப்புத் திரை கத்தினால் அடுத்த பத்து நிமிடம்

வெள்ளவத்தையில் போன், லப்டொப் திருத்துகிற ஒரு கடையில் வேலை செய்கிறேன். "தம்பி, போன் முழுக்க வைரஸாம், கை வைக்கவே பயமா இருக்கு" என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களில் பெரும்பாலானோருடைய போனில் வைரஸ் இருப்பதில்லை. இருப்பது ஒரு இணையப் பக்கம், அவ்வளவுதான். சிவப்புப் பின்னணி, ஆபத்துக் குறி, சுற்றிக்கொண்டே இருக்கிற ஒரு ஸ்கேன் படம், கீழ்நோக்கி ஓடுகிற கடிகாரம், லப்டொப் என்றால் கூடவே ஆங்கிலத்தில் அதட்டுகிற ஒரு குரல். அந்தப் பக்கம் தானாகச் செய்த சேதம் என்று என் மேசைக்கு எதுவும் வந்ததில்லை. அதைப் பார்த்துப் பயந்து, அடுத்த பத்து நிமிடத்துக்குள் செய்த காரியங்களால் வந்த சேதம் நிறையவே வந்திருக்கிறது. அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாக எழுத நினைத்தேன்.

முதலில் ஒரு விஷயம் விளங்கினால் பாதிப் பயம் போய்விடும். பிரவுசருக்குள் திறக்கிற ஒரு பக்கத்தால் உங்கள் கம்பியூட்டரில் இருக்கிற பைல்களை ஸ்கேன் பண்ண முடியாது. குரோம், எட்ஜ், பயர்பொக்ஸ், சபாரி எல்லாமே ஒவ்வொரு பக்கத்தையும் தனியாக அடைத்து வைத்துத்தான் ஓட்டுகின்றன. நீங்களாக ஒரு பைலைத் தெரிவு செய்து கொடுத்தாலொழிய அந்தப் பக்கத்துக்கு உங்கள் ஹார்ட்டிஸ்க்கில் என்ன இருக்கிறது என்றே தெரியாது. ஆகவே 'உங்கள் கம்பியூட்டரில் ஐந்து வைரஸ்கள்' என்று ஒரு பக்கம் சொல்கிறது என்றால், அந்த ஐந்தும் நீங்கள் அங்கே போவதற்கு முன்பே எழுதி வைக்கப்பட்டவை, வருகிற எல்லோருக்கும் அதே ஐந்துதான். வீட்டு மதிலில் யாரோ 'உள்ளே பாம்பு இருக்கிறது' என்று போஸ்டர் ஒட்டிவிட்டுப் போன மாதிரி. ஒட்டியவன் வீட்டுக்குள் வரவே இல்லை.

இதைச் சொன்னதும் எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்று இருக்கிறது: "அப்ப என்ர போன் மொடல் அவனுக்கு எப்பிடித் தெரியும்? நான் கொழும்பில இருக்கிறது எப்பிடித் தெரியும்?" நியாயமான கேள்வி. எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் நம் பிரவுசர் தன்னைப் பற்றிச் சில விபரங்களைச் சொல்லிவிடும். விண்டோஸா அன்ட்ரொயிட்டா, எந்த பிரவுசர், பல அன்ட்ரொயிட் போன்களில் மொடல் கூட. ஊர்ப் பெயர் உங்கள் இணைய இணைப்புக்குரிய எண்ணான ஐ.பி. முகவரியிலிருந்து வருகிறது, அதுவும் உத்தேசம்தான். வவுனியாவில் இருக்கிற ஒருவர் எனக்கு அனுப்பிய ஸ்கிரீன்ஷொட்டில் கூட 'கொழும்பு' என்றுதான் போட்டிருந்தது, இணைய நிறுவனத்தின் இணைப்பு கொழும்பில் பதிவாகியிருந்தால் அப்படித்தான் காட்டும். போன் அதிர்வதும் அப்படித்தான்: அன்ட்ரொயிட் குரோமில் ஒரு பக்கத்தால் போனை அதிர வைக்க முடியும், ஐபோன் சபாரியில் அது நடக்காது. போன் கையில் துடிக்கும்போது உள்ளே ஏதோ ஓடித் திரிகிறது என்று மனது நம்பிவிடுகிறது, ஆனால் அது வெறும் ஒரு வரிக் கட்டளை.

எங்கிருந்து வருகிறது? ஐ.பி.எல். காலத்தில் இலவசமாக மெட்ச் காட்டுகிற தளங்கள், படம் இறக்குகிற தளங்கள், இவை எல்லோருக்கும் தெரிந்தவை. ஆனால் ஏ.எல். பாஸ்ட் பேப்பர் தேடிய பிள்ளைகளுக்கும், சமையல் குறிப்பு பார்த்த அன்டிமாருக்கும் இது வந்திருக்கிறது. விளம்பர வலையமைப்புகள் வழியாக ஒரு மோசமான விளம்பரம் நல்ல தளத்துக்குள்ளும் நுழைந்துவிடும், முகவரியில் ஓர் எழுத்தைத் தவறாக அடித்தாலும் வந்து நிற்கும். ஆகவே வந்தவரைப் பார்த்து "கண்ட கண்ட சைட்டுக்குப் போனால் இப்படித்தான்" என்று சொல்கிற பழக்கத்தை தயவுசெய்து விட்டுவிடுங்கள். அதைப் பற்றிக் கீழே இன்னும் சொல்கிறேன், ஏனென்றால் அதுவும் ஒரு சேதம்தான்.

சரி, கம்பியூட்டரில் வந்தால் என்ன செய்வது. அந்தப் பெட்டிக்குள் இருக்கிற எதையும் அமத்த வேண்டாம், 'மூடு' என்று எழுதியிருந்தாலும் சரி, மூலையில் பெருக்கல் குறி இருந்தாலும் சரி, அதுவும் அவர்கள் வரைந்த படமாக இருக்கலாம். திரை முழுவதையும் பிடித்துக்கொண்டு நின்றால் எஸ்கேப் கீயைச் சில விநாடிகள் அமத்திப் பிடியுங்கள். முழுத்திரையிலிருந்து வெளியே வந்ததும் மேலே டேப் தெரியும், அதை மூடினால் முடிந்தது. சில பக்கங்கள் மௌஸ் அம்புக்குறியை மறைத்துவிடும், அல்லது பொய்யான அம்புக்குறிகளை அங்குமிங்கும் ஓட விடும், அப்போது கையை மௌஸிலிருந்து எடுத்துவிட்டு கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அமத்தினால் டாஸ்க் மனேஜர் வரும், அதில் பிரவுசரைத் தெரிவு செய்து 'என்ட் டாஸ்க்' கொடுங்கள். மெக் என்றால் கொமாண்ட், ஒப்ஷன், எஸ்கேப். அதுவும் சரிவரவில்லை என்றால் பவர் பட்டனை நீளமாக அமத்தி அணைத்துவிடுங்கள். சேமிக்காமல் வைத்திருந்த கடிதம் ஒன்று போகலாம், வேறு ஒன்றும் ஆகாது. 'கம்பியூட்டரை அணைத்தால் எல்லாத் தரவும் அழியும்' என்று அந்தப் பக்கம் எழுதியிருப்பது, நீங்கள் அணைத்தால் அவர்களுடைய வேலை முடிந்துவிடும் என்பதற்காகத்தான்.

மறுபடி பிரவுசரைத் திறக்கும்போது 'முந்தைய பக்கங்களை மீட்கவா' என்று கேட்கும். வேண்டாம் என்று விடுங்கள். சிலருக்குக் கேட்காமலே பழைய பக்கம் வந்து நிற்கும்படி செட்டிங் இருக்கும். அவர்கள் முதலில் வைஃபையை அணைத்துவிட்டுத் திறந்தால் பக்கம் பெரும்பாலும் வெறுமையாக வரும், ஆறுதலாக மூடலாம். போனிலும் இதே வழிதான்: ஏரோப்பிளேன் மோட் போட்டு, குரோமைத் திறந்து, மேலே எண் போட்ட சதுரத்தைத் தொட்டு அந்த டேப்பைத் தள்ளிவிடுங்கள். பிறகு ஹிஸ்டரியை ஒரு தடவை அழித்துவிட்டால் நல்லது.

இப்போது நோட்டிபிகேஷன் கதைக்கு வருகிறேன், கடைக்கு அதிகம் வருவது இதுதான். டேப்பை மூடிய பிறகும், போனை அணைத்துப் போட்ட பிறகும், காலையில் எழுந்தால் 'உங்கள் போனில் வைரஸ்', 'பற்றரி 28% சேதம்', 'உங்கள் எண்டிவைரஸ் காலாவதியாகிவிட்டது' என்று வரிசையாக வந்து கிடக்கும். லப்டொப்பில் வலது பக்கக் கீழ் மூலையில், பிரபலமான எண்டிவைரஸ் நிறுவனங்களின் சின்னத்தோடே வரும். இது வைரஸ்தான் என்று எல்லோரும் நம்பிவிடுகிறார்கள், ஏனென்றால் பிரவுசர் திறந்துகூட இல்லை. உண்மையில் நடந்தது என்னவென்றால், எப்போதோ ஒரு பக்கம் 'நீங்கள் ரோபோ இல்லை என்று உறுதிப்படுத்த அலவ் அமத்துங்கள்' என்று கேட்டிருக்கிறது, இவர்களும் அமத்தியிருக்கிறார்கள். அந்த 'அலவ்' ரோபோ சோதனைக்கு இல்லை, அறிவிப்பு அனுப்புவதற்கான அனுமதி. அன்றிலிருந்து அந்தத் தளம் நினைத்த நேரமெல்லாம் அனுப்பும்.

எடுத்துவிடுவது ஒரு நிமிட வேலை. குரோமில் மூன்று புள்ளி, செட்டிங்ஸ், சைட் செட்டிங்ஸ், நோட்டிபிகேஷன்ஸ். கம்பியூட்டரில் 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி'க்குள் அதே சைட் செட்டிங்ஸ் இருக்கும். அனுமதி கொடுத்த தளங்களின் பட்டியல் அங்கே வரும். உங்களுக்குத் தெரியாத பெயர், அர்த்தமில்லாத எழுத்துகளால் ஆன பெயர், எல்லாவற்றையும் நீக்குங்கள். அப்புறம் அங்கேயே, எந்தத் தளமும் இனி அறிவிப்புக்கு அனுமதி கேட்கக்கூடாது என்று போட்டுவிடுங்கள். எங்கள் கடையில் வயதானவர்களின் போன் எந்த வேலைக்கு வந்தாலும், கேட்டுவிட்டு இதையும் செய்துதான் கொடுக்கிறோம். கண்ணாடி மாற்ற வந்த போனில்கூடப் பார்ப்போம். ஐபோனில் இதே தொல்லை கலண்டர் வழியாகவும் வரும், 'உங்கள் ஐபோனுக்குப் பாதுகாப்பு இல்லை' என்று ஒவ்வொரு மணிக்கும் ஒரு நிகழ்வு போட்டிருக்கும். செட்டிங்ஸில் கலண்டர் கணக்குகளுக்குள் போய், நீங்கள் சேர்க்காத அந்த சப்ஸ்கிரைப் கலண்டரை அழித்தால் எல்லாம் சேர்ந்து போய்விடும்.

இதுவரை சொன்னது எரிச்சல். இனிமேல் சொல்வதுதான் ஆபத்து.

அந்தப் பக்கங்கள் மூன்றில் ஒன்றைச் செய்ய வைக்கப் பார்க்கும்: ஒரு அப்பை இறக்க, ஒரு இலக்கத்துக்கு அழைக்க, அல்லது கார்ட் விபரம் கொடுக்க. அழைக்கச் சொல்கிற இலக்கம் என்றாலே பொய் என்று எடுத்துக்கொள்ளலாம், தங்களுடைய பிழைச் செய்திகளிலும் எச்சரிக்கைகளிலும் தொலைபேசி இலக்கம் ஒருபோதும் இருக்காது என்று மைக்ரோசொப்டே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறது. அழைத்தால் மிகவும் மரியாதையாகப் பேசுவார்கள். தூரத்திலிருந்து உங்கள் கம்பியூட்டரை இயக்க விடுகிற எனிடெஸ்க் அல்லது டீம்வியூவர் போடச் சொல்வார்கள். அவை நல்ல மென்பொருள்கள்தான், நானும் பாவிக்கிறேன், ஆனால் உள்ளே விடுவது யாரை என்பதுதான் விஷயம். உள்ளே வந்ததும், கம்பியூட்டரில் நடப்பவற்றின் பதிவைக் காட்டுகிற, விண்டோஸில் இருக்கிற ஈவன்ட் வியூவரைத் திறந்து காட்டுவார்கள். அதில் சிவப்பும் மஞ்சளுமாகப் பிழைகள் வரிசையாக இருக்கும். எந்த ஆரோக்கியமான கம்பியூட்டரிலும் அது அப்படித்தான் இருக்கும், உங்களுடையதைத் திறந்து பாருங்கள், என்னுடையதிலும் இருக்கிறது. சிலர் கறுப்புத் திரையைத் திறந்து 'ட்ரீ' என்ற கட்டளையைக் கொடுப்பார்கள். அது போல்டர் பெயர்களை வேகமாகப் பட்டியலிடுகிற சாதாரணக் கட்டளை, பார்ப்பவருக்கு ஸ்கேன் ஓடுகிறது போல இருக்கும், ஓடி முடிந்ததும் 'வைரஸ் இருக்கிறது' என்று அவர்களே தட்டி வைப்பார்கள். இதையெல்லாம் பார்த்தபின் படித்த மனிதர்களே நம்பிவிடுகிறார்கள், அதில் ஆச்சரியப்பட எதுவும் இல்லை.

இது ஏதோ சில பொடியன்கள் விளையாட்டுக்குச் செய்வது என்று நினைக்க வேண்டாம். பெரிய வியாபாரம். பொய்யான ஸ்கேன் காட்டிப் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு மென்பொருள் விற்ற ஒரு கும்பலின் வழக்கில் 2012இல் அமெரிக்க நீதிமன்றம் 163 மில்லியன் டொலர் கட்டச் சொல்லித் தீர்ப்பளித்தது. 2024இல் சைப்ரஸிலிருந்து இயங்கிய ரெஸ்டோரோ, ரீஇமேஜ் என்ற இரண்டு நிறுவனங்கள், விண்டோஸ் எச்சரிக்கை மாதிரி பொப்அப் காட்டி விற்றதாக அமெரிக்க வர்த்தக ஆணைக்குழு போட்ட வழக்கில் 26 மில்லியன் டொலர் கட்ட ஒத்துக்கொண்டன. இவ்வளவு பணம் புழங்கும் இடத்தில், எந்த நிறத்துக்கு மனிதர் பதறுவார், எந்தச் சத்தத்துக்குக் கை நடுங்கும் என்று உட்கார்ந்து யோசிக்க ஆட்கள் இருக்கிறார்கள். அதற்கு எதிரே தனியாக நிற்பது, மத்தியானம் வீட்டில் பேரனின் படம் பார்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மம்மா.

பம்பலப்பிட்டியில் தொடர்மாடியில் தனியாக இருக்கிற, ஓய்வுபெற்ற ஒரு டீச்சர் வந்திருந்தார். பிள்ளைகள் கனடாவில். போனில் வந்த எச்சரிக்கையைத் தொட்டு 'கிளீனர்' என்று ஒரு அப்பை இறக்கியிருக்கிறார், பிளே ஸ்டோரில் இல்லை, அந்தப் பக்கத்திலிருந்தே நேராக. அது எக்ஸெஸிபிலிட்டி அனுமதி கேட்டிருக்கிறது, கொடுத்திருக்கிறார். பார்வை குறைந்தவர்கள் போனைப் பாவிப்பதற்காக இருக்கிற அனுமதி அது, ஆனால் ஒரு கெட்ட அப்பின் கையில் கிடைத்தால் திரையில் இருப்பதை வாசிக்கவும், உங்களுக்குப் பதிலாக அமத்தவும் முடியும், ஓடிபி உட்பட. போன் சூடாகிறது என்றுதான் கொண்டுவந்தார். அப்பைப் பற்றி நான் கேட்டுக் கேட்டுத்தான் வந்தது. அது வந்து நான்கைந்து நாள் ஆகியிருந்தது. ஏன் உடனே யாருக்கும் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "மகன் ஏசுவான் தம்பி, போனை வாங்கிப் போடுவான்" என்றார். அவருடைய காசு போகவில்லை, அந்த போனில் வங்கி அப் இல்லாததால் தப்பியது. இருந்திருந்தால் அந்த நான்கைந்து நாள் போதும்.

எனக்கு இந்த விஷயத்தில் உண்மையாகவே கோபம் வருவது இந்த இடத்தில்தான். ஏமாற்றுகிறவனுக்கு நாம் செய்கிற பெரிய உதவி, ஏமாந்தவரை ஏசுவது. ஏச்சுக்குப் பயந்து மறைக்கிற ஒவ்வொரு மணித்தியாலமும் அவனுடைய மணித்தியாலம். இங்கே வங்கியிலிருந்து வங்கிக்கு ஒன்லைனில் போடுகிற காசு பெரும்பாலும் உடனேயே போய்ச் சேர்ந்துவிடுகிறது. அடுத்த கணக்குக்கு மாறுவதற்கு முன் தடுக்க வேண்டுமென்றால் அன்றே, அந்த நிமிடமே சொல்ல வேண்டும். ஆகவே வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள் அம்மா அப்பாவுக்கு போன் வாங்கி அனுப்பும்போது, "எதை அமத்தினாலும் பரவாயில்லை, உடனே எனக்குச் சொல்லுங்கோ, நான் ஏச மாட்டன்" என்று சொல்லி அனுப்புங்கள். பிறகு உண்மையாகவே ஏசாமல் இருங்கள்.

அப்படி ஏதாவது நடந்துவிட்டால் ஒழுங்கு இதுதான். யாராவது தூரத்திலிருந்து உள்ளே வந்திருந்தால் முதலில் இணையத்தை வெட்டுங்கள், ரௌட்டரின் பிளக்கைக் கழற்றினாலும் சரி. கார்ட் இலக்கமோ ஓடிபியோ கொடுத்திருந்தால், அல்லது வங்கிக் கணக்கு அந்தச் சாதனத்தில் திறந்திருந்தால், கடைக்கு வருவதற்கு முன் வங்கிக்கு அழையுங்கள், கார்ட்டின் பின்பக்கத்தில் இலக்கம் இருக்கும். கார்ட்டை நிறுத்தச் சொல்லுங்கள், ஒன்லைன் வசதியை முடக்கச் சொல்லுங்கள், முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு எழுதி வையுங்கள். பாஸ்வேர்ட்களை வேறொரு சாதனத்திலிருந்து மாற்றுங்கள், முதலில் ஈமெயிலுடையது, ஏனென்றால் மற்றதெல்லாம் அதன் வழியாகத்தான் மீட்கப்படுகிறது. இணையப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கவனிக்கிற இலங்கை சேர்ட் நிறுவனத்துக்கு 101க்கு அழைக்கலாம். காசு போயிருந்தால் பொலிஸில் முறைப்பாடு அவசியம், குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தில் கணினிக் குற்றங்களுக்கென்றே பிரிவு இருக்கிறது, 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் இதற்காகத்தான் இருக்கிறது. அழைத்த இலக்கங்கள், ஸ்கிரீன்ஷொட்கள், வங்கி எஸ்.எம்.எஸ். எதையும் பயத்தில் அழித்துவிடாதீர்கள்.

இன்னொன்று, இது கொஞ்சம் புதிது, 2024இலிருந்து பரவலாகத் தெரிய வந்தது. 'நீங்கள் மனிதர் என்று நிரூபியுங்கள்' அல்லது 'பிழையைச் சரிசெய்யுங்கள்' என்று ஒரு பக்கம் வரும். விண்டோஸ் கீயோடு ஆர், பிறகு கண்ட்ரோலோடு வி, பிறகு என்டர் அமத்தச் சொல்லும். எந்த நல்ல தளமும் இதைக் கேட்காது. அந்தப் பக்கம் உங்களுக்குத் தெரியாமல் ஒரு கட்டளையைக் கொப்பி பண்ணி வைத்திருக்கும், அந்த மூன்று அமத்தலில் நீங்களே அதை உங்கள் கையால் ஓட்டிவிடுகிறீர்கள். பிரவுசரின் அடைப்பெல்லாம் அங்கே பயன்படாது. சேமித்து வைத்த பாஸ்வேர்ட்களைத் திருடுகிற மென்பொருள்கள் இப்படித்தான் இறங்குகின்றன. டியூஷன் பிள்ளைகளுக்கு இதை முக்கியமாகச் சொல்லிக் கொடுங்கள், வேகமாக அமத்துகிறவர்கள் அவர்கள்தான்.

முன்கூட்டியே செய்யக்கூடியவை சில உண்டு. எட்ஜில் 'ஸ்கெயார்வெயார் புளொக்கர்' என்று ஒரு வசதி வந்திருக்கிறது, முழுத்திரையைப் பிடிக்கிற பக்கத்தைத் தானே அடையாளம் கண்டு நிறுத்தும், செட்டிங்ஸில் போட்டு வையுங்கள். பயர்பொக்ஸில் விளம்பரங்களைத் தடுக்கிற யூபிளொக் ஒரிஜின் போட்டால் விளம்பர வழியாக வருவது பெரும்பகுதி நின்றுவிடும், அன்ட்ரொயிட் பயர்பொக்ஸிலும் அது வேலை செய்யும். பெரியவர்களுக்கு நான் செய்து கொடுக்கிற இன்னொரு காரியம், போனின் மொழியைத் தமிழுக்கு மாற்றுவது. போன் உண்மையாகச் சொல்ல நினைப்பது தமிழில் வரும். திடீரென்று ஆங்கிலத்தில் ஒன்று அதட்டினால் அது வெளியாள் என்று அவர்களுக்கே பிடிபட்டுவிடுகிறது. பொய்ப் பக்கங்களும் சிலவேளை தமிழில் வரும்தான், ஆனாலும் இது உதவுவதை நேரில் பார்த்திருக்கிறேன்.

உண்மையான எச்சரிக்கைகளும் இருக்கின்றன, அவற்றையும் சேர்த்து ஒதுக்கிவிடக் கூடாது. குரோம் ஒரு தளத்துக்குப் போகும் முன்பே முழுச் சிவப்பில் தடுத்தால் அது உண்மை, திரும்பிப் போங்கள். அது இலக்கம் கேட்காது, காசு கேட்காது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்துவிட்டது என்று மைக்ரோசொப்ட் காட்டிய அறிவிப்பும் உண்மையானதுதான், அதைப் பொய் என்று நினைத்து மூடிவிட்டதாகச் சொன்னவர்கள் பலர். சந்தேகம் வந்தால் அறிவிப்பைத் தொடாமல் நீங்களாக விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து பாருங்கள், உண்மையான பிரச்சினை என்றால் அங்கேயும் இருக்கும். அங்கே 'ஒஃப்லைன் ஸ்கேன்' என்று ஒன்று உண்டு, கம்பியூட்டர் ரீஸ்டார்ட் ஆகி ஏறக்குறைய 15 நிமிடத்தில் பார்த்து முடிக்கும், காசு எதுவும் இல்லை. அன்ட்ரொயிட்டில் பிளே ஸ்டோருக்குள், அப்களைச் சோதிக்கிற பிளே புரொடெக்ட் இருக்கிறது.

கடைசியாக, என் தொழிலைப் பற்றியே ஒன்று. வெறும் பொப்அப்புக்காகப் போனையோ லப்டொப்பையோ போர்மட் பண்ண வேண்டும் என்று எந்தக் கடையில் சொன்னாலும், எங்கள் கடையாக இருந்தாலும், "எந்த அப், எந்தப் பைல், காட்டுங்கோ" என்று கேளுங்கள். காட்ட முடியாவிட்டால் சாதனத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு வாருங்கள். ஒரு நோட்டிபிகேஷன் அனுமதியை நீக்குகிற வேலைக்குக் கலியாணப் படங்களையும், இறந்துபோன தகப்பனின் குரல் பதிவையும் இழந்துவிட்டு வந்து நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். போர்மட் உண்மையாகவே தேவைப்படுகிற நேரங்கள் உண்டு, தெரியாத ஒருவர் உள்ளே புகுந்து நெடுநேரம் இருந்திருந்தால் நானும் அதையே சொல்வேன். அப்போதும் முதலில் படங்களையும் ஆவணங்களையும் வேறொரு டிஸ்க்கில் எடுத்து, அவை திறக்கின்றனவா என்று உங்கள் கண்ணால் பார்த்த பிறகு சம்மதியுங்கள்.